மஞ்சள் விற்கும் நாம் வாய்ப் புற்றுநோய் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை



மளிகைக் கடைக்காரரிடம் பருப்பு விலை கேட்பதுபோலவே மருந்தும் கேட்பது நம் ஊர் வழக்கம். சளிக்கு மிளகு, வயிற்று உப்புசத்துக்கு ஓமம், பசியின்மைக்குச் சுக்கு என்று நாமும் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிறோம். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் கொஞ்ச காலமாக நம் கடைகளில் வேறொரு கேள்வியும் கேட்கிறார்கள். "அண்ணாச்சி, வாயில புண்ணு ஆறவே மாட்டேங்குது. மஞ்சள் கேன்சரையே கேட்குமாமே, கலப்படம் இல்லாத மஞ்சளா அரைக்கிலோ குடுங்க" என்கிறார்கள். இந்தக் கேள்விக்கு நாம் என்ன பதில் சொல்கிறோம் என்பதில் ஓர் உயிர் அடங்கியிருக்கிறது. எங்களுக்கு இது தெரியவந்தது பட்ட பிறகுதான்.

2018ஆம் ஆண்டில் நடந்தது. எங்கள் மண்டியில் இருபது வருடமாகச் சரக்கு எடுத்துவந்த சில்லறை வியாபாரி ஒருவர். பெயர் வேண்டாம், நாணயமானவர், ஒருநாள்கூடப் பாக்கி தவணை தவறியதில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் வாயில் ஒதுக்கும் சீவலை இரவு கடை அடைக்கும்போதுதான் துப்புவார். இடது கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது, காரம் பட்டால் எரிகிறது என்று ஒருநாள் எங்களிடம் சொன்னார். யாரோ மஞ்சள் சாப்பிடச் சொன்னார்களாம். நாங்கள் என்ன செய்தோம்? ஈரோட்டிலிருந்து வந்திருந்த புது விரலியை ஒடித்துப் பார்த்து, உள்நிறம் நன்றாக இருந்ததாகப் பொறுக்கி, கண்ணெதிரே அரைக்க வைத்து இரண்டு கிலோ கொடுத்தோம். மிளகும் சேர்த்துக்கொள்ளச் சொன்னோம். காசு வாங்கவில்லை. ஒரு நண்பருக்கு உதவினோம் என்ற பெருமையும் எங்களுக்கு இருந்தது. அன்றைக்கு அவருக்குப் போன வண்டியில் மற்றச் சரக்கோடு அரை மூட்டை சீவலும் ஏற்றி அனுப்பினோம் என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

பத்து மாதம் கழித்துத் தாடைக்குக் கீழே கட்டி தெரிந்த பிறகுதான் அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். கீழ்த்தாடையில் ஒரு பகுதியை எடுத்தார்கள். கரண்டு வைத்தார்கள். ஆள் பிழைத்தார், ஆனால் இன்றுவரை கஞ்சியும் கரைத்த சாதமும்தான். பேச்சு வீட்டாருக்கு மட்டும் புரியும்.

அதன்பின் இந்த விஷயத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தோம். ஊரில் உள்ள டாக்டர்களிடம் கேட்டோம். நாங்கள் படித்தது பள்ளி இறுதி வகுப்பு வரைதான். என்றாலும் சரக்கின் தரம் பார்க்கத் தெரிந்தவனுக்கு, ஒரு செய்தியின் தரத்தையும் கொஞ்சம் முயன்றால் பார்க்க முடியும் என்று கண்டோம்.

மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் பொருளுக்குக் கர்க்யூமின் என்று பெயர். 1815ஆம் ஆண்டிலேயே ஐரோப்பியர் இதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். சாதாரண மஞ்சளில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில் இது இருக்கும். ஆலப்புழை ரகத்தில் கூடுதல், மேகாலயாவின் லக்கடாங் ரகத்தில் இன்னும் கூடுதல். சாறு எடுக்கும் கம்பெனிகள் இந்தச் சதவிகிதம் பார்த்துத்தான் விலை பேசுகின்றன என்பது நம்மில் பலருக்குத் தெரியும்.

இதைப் புற்றுநோய்க்குப் பரீட்சித்தவர்களில் நம் பக்கத்து மாநிலத்தவரும் உண்டு. திருச்சூர் அமலா புற்றுநோய் மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வெளியே தெரியும்படி புற்றுப்புண் உள்ள 62 நோயாளிகளுக்கு மஞ்சள் சாற்றையும் கர்க்யூமின் களிம்பையும் மேற்பூச்சாகத் தடவி, 1987ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குப் புண்ணின் துர்நாற்றம் குறைந்தது. ஏறக்குறைய எல்லோருக்கும் அரிப்பு குறைந்தது. பலருக்குப் புண் காய்ந்தது. ஆனால் புண்ணின் அளவும் வலியும் குறைந்தது நூற்றுக்குப் பத்துப் பேருக்குத்தான். படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு நாற்றம் குறைவதும் பெரிய ஆறுதல்தான், அதை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நோய் தீர்ந்தது என்று அந்த ஆய்வாளர்கள் சொல்லவில்லை. நாற்றம் குறைந்ததை நோய் குறைந்ததாக்கியது நடுவில் கை மாற்றியவர்கள்.

ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுநோய் அணுக்களின்மேல் கர்க்யூமினை ஊற்றினால் அவை சாகின்றன. இது உண்மை. பத்திரிகைகளில் நாம் படிக்கும் செய்திகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. கர்க்யூமின் தானே நிறமுள்ளது, ஒளி வீசக்கூடியது, எதன்மேலும் ஒட்டிக்கொள்ளும் குணமுள்ளது. ஆகவே ஆய்வுக்கருவிகள் பலவற்றில் அது வேலை செய்யாதபோதும் வேலை செய்ததுபோல் காட்டும் என்று 2017ஆம் ஆண்டில் அமெரிக்க வேதியியலார் ஒரு நீண்ட கட்டுரையில் எழுதினார்கள். தட்டில் ஈரம் இருந்தால் தராசு கூடுதலாகத்தானே காட்டும்!

சரி, மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தார்களா என்றால், பார்த்தார்கள். தைவானில் 25 பேருக்கு நாளொன்றுக்கு 8 கிராம் கர்க்யூமின் வரை கொடுத்து 2001ஆம் ஆண்டு முடிவு சொன்னார்கள். அவர்களில் ஏழு பேருக்கு நம் நண்பருக்கு வந்ததுபோல் வாயில் வெள்ளைப் படலம். இரண்டு பேருக்குப் படலத்தின் சதையில் முன்னேற்றம் தெரிந்தது. ஒருவருக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அது முழுப் புற்றுநோயாக மாறியது. அவ்வளவு சாப்பிட்டும் இரத்தத்தில் சேர்ந்தது மிக அற்பம். குடலும் ஈரலும் அதை உடனே உருமாற்றி வெளியே தள்ளிவிடுகின்றன.

இதைவிடப் பெரிய ஆய்வு நம் தென்னிந்தியாவிலேயே நடந்து 2016ஆம் ஆண்டு வெளியாயிற்று. வாயில் வெள்ளைப் படலம் உள்ள 223 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு நாளுக்கு 3.6 கிராம் கர்க்யூமினும், மறு பிரிவுக்கு அதேபோன்ற வெறும் மாத்திரையும் ஆறு மாதம் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. கர்க்யூமின் சாப்பிட்டவர்களில் 67.5 சதவிகிதம் பேருக்குப் படலம் சுருங்கியது. இதோடு நிறுத்தினால் நாளைக்கே நம் கடையில் மஞ்சள் விலை ஏறிவிடும். ஆனால் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 55.3 சதவிகிதம் பேருக்குச் சுருங்கியது! அதாவது நூறு பேரில் கர்க்யூமினுக்காக என்று கணக்கில் எழுதக்கூடியது 12 பேர்தான். சதைத் துணுக்கை எடுத்து உருப்பெருக்கியில் பார்த்தபோது இரு பிரிவுக்கும் இருந்த வித்தியாசம் உறுதியாகச் சொல்லும்படி இல்லை.

"நான் மஞ்சள் சாப்பிட்டேன், சரியாயிற்று" என்று ஒருவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவர் சொல்வது உண்மை. சரியானதற்குக் காரணம் மஞ்சள் என்பதுதான் நிரூபணமாகவில்லை. இதற்காகத்தான் வெறும் மாத்திரைப் பிரிவு என்று ஒன்றை வைக்கிறார்கள். எங்கள் மூளைக்கு இது ஏற மூன்று தடவை படிக்க வேண்டியிருந்தது.

வியாபாரிகளான நமக்குக் கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். அந்த 3.6 கிராம் கர்க்யூமின் கிடைக்க, நூற்றுக்கு மூன்று பங்கு உள்ள மஞ்சள்தூள் நாளுக்கு 120 கிராம் சாப்பிட வேண்டும். ஆறு மாதத்துக்கு 21 கிலோவுக்கு மேல் ஆகிறது. தைவான்காரர்கள் கொடுத்த 8 கிராம் என்றால் தினமும் கால் கிலோவைத் தாண்டும். நாங்கள் நண்பருக்குக் கொடுத்ததோ பத்து மாதத்துக்கு இரண்டு கிலோ. குழம்பில் போடும் மஞ்சள் குழம்புக்கு நல்லது. அந்த அளவில் மருந்தாக ஒரு வேலையும் நடக்காது.

மிளகு சேர்த்தால் என்ன என்று கேட்பீர்கள். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998ஆம் ஆண்டு இதைப் பார்த்தார்கள். 2 கிராம் கர்க்யூமினோடு மிளகின் சத்தான பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது இரத்தத்தில் கர்க்யூமின் இருபது மடங்கு கூடியது. அற்பத்தில் இருபது மடங்கு என்பதை மறக்கக்கூடாது. ஈரல் ஒரு பொருளை வெளியே தள்ளுவதைப் பைப்பரின் தடுப்பதால்தான் இந்த வித்தை நடக்கிறது. அப்படித் தடுக்கும்போது மற்ற மருந்துகளும் இரத்தத்தில் கூடிவிடலாம். இதனால் வலிப்பு, இரத்தக் கட்டு போன்றவற்றுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இந்தக் குப்பி மாத்திரைகளைத் தொடக்கூடாது. இத்தாலியில் 2019ஆம் ஆண்டு இவ்வகை மாத்திரை சாப்பிட்டவர்களில் பலருக்கு ஈரல் வீக்கம் வந்து அரசாங்கம் எச்சரிக்கை விட்டது. சமையல் மஞ்சளால் வந்த கெடுதல் அல்ல அது; சாறாக இறுக்கி மாத்திரையாக்கியதால் வந்தது.

இன்னொரு சரக்கைப் பற்றியும் இரண்டு வார்த்தை. சுருள்பாசி என்று டப்பாவில் வருகிறதே, அதைக் கேரளத்தில் வாயில் படலம் உள்ள புகையிலைக்காரர்களுக்கு நாளுக்கு 1 கிராம் வீதம் ஒரு வருடம் கொடுத்து 1995ஆம் ஆண்டு முடிவு வெளியிட்டார்கள். 44 பேரில் 20 பேருக்குப் படலம் முற்றிலும் மறைந்தது. கொடுக்காத பிரிவில் 43 பேரில் 3 பேருக்குத்தான். நல்ல முடிவுதான். ஆனால் நிறுத்திய ஒரு வருடத்துக்குள் அந்த 20 பேரில் 9 பேருக்குத் திரும்ப வந்துவிட்டது.

இதையெல்லாம் படித்துவிட்டு, தாவரத்தில் மருந்தே இல்லை என்று நாங்கள் சொல்ல வருவதாக யாரும் நினைக்க வேண்டாம். நம் நண்பருக்கு ஆபரேஷனுக்கு முன்னால் கட்டியைச் சுருக்க மூன்று மருந்துகளைச் சேர்த்து ஏற்றினார்கள். அவற்றில் ஒன்றின் பெயர் டோசிடாக்சல். அது ஒரு மரத்தின் மருந்து என்று பின்னால் படித்தபோது எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அமெரிக்காவின் மேற்குக் காடுகளில் யூ என்ற மரம் இருக்கிறது. 1962ஆம் ஆண்டு அந்நாட்டு விவசாயத் துறையினர் அதன் பட்டையைச் சேகரித்து ஆராய அனுப்பினார்கள். அதிலிருந்த சத்தைப் பிரித்து 1971ஆம் ஆண்டு அதன் அமைப்பை வெளியிட்டவர்களில் ஒருவர் மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வாணி. அணுக்கள் இரண்டாகப் பிரியும்போது உள்ளே கயிறுபோல் சில இழைகள் இழுத்துப் பிரிக்க வேண்டும். இந்த மருந்து அந்தக் கயிறுகளை இறுகப் பூட்டிவிடுகிறது. பிரிய முடியாமல் அணு சாகிறது. இப்படி வேலை செய்வதாகக் கண்டது 1979ஆம் ஆண்டில். பாக்லிடாக்சல் என்ற பெயரில் அமெரிக்க அரசாங்கம் அனுமதித்தது 1992ஆம் ஆண்டில், அதுவும் முதலில் கருப்பைக்குப் பக்கத்திலுள்ள சினைப்பைப் புற்றுநோய்க்கு. கொள்முதல் ஆகி முப்பது வருடம் கழித்துத்தான் சரக்கு கடைக்கு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பல கிலோ பட்டையை உரித்தால் ஒரு கிராம் தேறும் என்பதால் மரமே அழிந்துவிடும் என்ற நிலை வந்தது. பிறகு பிரெஞ்சுக்காரர்கள் ஐரோப்பிய யூ மரத்தின் இலையிலிருந்து ஒரு மூலப்பொருளை எடுத்து அதன்மேல் வேலை செய்து டோசிடாக்சலை உண்டாக்கினார்கள். இலை மறுபடி துளிர்க்கும் அல்லவா!

இந்த டோசிடாக்சலை வாய், தொண்டை உள்ளிட்ட தலை - கழுத்துப் புற்றுநோய்க்கு வேறு இரண்டு மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்க 2006ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை டாக்டர்கள் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்றும் உண்டு. வழக்கமான சிஸ்பிளாட்டின் மருந்தைத் தாங்க முடியாத 356 நோயாளிகளில் ஒரு பாதிக்குக் கதிர்வீச்சு மட்டும், மறு பாதிக்குக் கதிர்வீச்சோடு வாரம் ஒருமுறை குறைந்த அளவு டோசிடாக்சல். இரண்டு வருடம் கழித்து உயிரோடிருந்தவர்கள் முதல் பிரிவில் 41.7 சதவிகிதம், இரண்டாவதில் 50.8 சதவிகிதம். நூற்றுக்கு ஒன்பது உயிர் கூடுதல். தாவரத்திலிருந்து வந்த மருந்து வாய்ப் புற்றுநோயில் என்ன செய்யும் என்று கேட்டால், சோதித்துக் கண்ட கணக்கு இதுதான்.

ஆனால் அந்த யூ மரத்தின் இலையைப் பறித்துத் தின்றால் மாடும் சாகும், மனிதனும் சாவான். மில்லிகிராம் கணக்கில் நிறுத்து, இரத்தப் பரிசோதனை பார்த்து, நரம்பில் ஏற்றும்போதுதான் அது மருந்து. அப்படியும் நம் நண்பருக்கு முடி கொட்டியது, வாயெல்லாம் வெந்தது, இரத்த அணு குறைந்து ஒரு வாரம் தள்ளிப்போட்டார்கள். நாட்டு மருந்து வியாபாரம் செய்யும் அன்பர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். தாளிசபத்திரி என்ற பெயரில் வட இந்தியச் சந்தையிலிருந்து வரும் சரக்கில் உரிய மரத்தின் இலைக்குப் பதிலாக இமயமலை யூ மர இலையும் வருவதுண்டு. புற்றுநோய் மருந்து இதிலிருந்துதான் எடுக்கிறார்களாம் என்று யாராவது கேட்டு வந்தால் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். நம் தென்மாவட்டங்களில் பயிராகி ஏற்றுமதியான நித்தியகல்யாணியும் இதே கதைதான். இரத்தப் புற்றுநோய்க்கான மருந்து அதில் இருக்கிறது. வீட்டில் இலையைக் கஷாயம் வைத்தால் விஷம்.

தாவரப் பொருள் என்றாலே நல்லது என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பாக்கும் தாவரம்தான். நமக்குக் கசப்பான பகுதி இது. பாக்கில் அரிக்கோலின் என்ற பொருள் இருக்கிறது. மெல்லும்போது வரும் சூட்டையும் சுறுசுறுப்பையும் கொடுப்பது அதுவே. வாயின் உட்சதையில் நாராக இறுகச் செய்வதிலும் அதற்குப் பங்குண்டு. வாய் மூன்று விரல் அளவு திறந்தது இரண்டாகி, பிறகு ஒன்றாகும். 1952ஆம் ஆண்டு கிழக்கு ஆப்பிரிக்காவில் குடியேறியிருந்த இந்தியப் பெண்களிடம் இந்நோயை முதலில் விவரித்து எழுதினார்கள். எர்ணாகுளம் பக்கத்தில் இந்நோய் உள்ளவர்களைப் பதினேழு வருடம் விடாமல் பின்தொடர்ந்து பார்த்ததில் 7.6 சதவிகிதம் பேருக்கு அது புற்றுநோயாயிற்று.

"புகையிலை போட்டால்தானே கெடுதல், வெறும் பாக்குக்கு என்ன?" என்று நாங்களும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள்தான். உலக சுகாதார அமைப்பைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004ஆம் ஆண்டே இதற்குப் பதில் வெளியிட்டுவிட்டது. புகையிலை சேராத வெற்றிலைபாக்கும், பாக்கு தனியாகவும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் வகுப்பில் வைக்கப்பட்டுள்ளன. புகையிலை சேர்ந்தால் இன்னும் மோசம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் உதடு, வாய்ப் புற்றுநோய் புதிதாக வந்தவர்கள் சுமார் 3,77,000 பேர். அதில் இந்தியாவில் மட்டும் சுமார் 1,36,000 பேர். மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே! குட்காவையும் புகையிலை கலந்த பான் மசாலாவையும் தமிழக அரசு 2013ஆம் ஆண்டு தடை செய்தது. அதைப் பின்வழியாக விற்கிறவர்களைப் பற்றி எழுதினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். ஆனால் சட்டப்படி விற்கும் வாசனைப் பாக்குச் சரங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் கடையில் தோரணமாகத் தொங்குவதை நாம் தினமும் பார்க்கிறோம். சுபகாரியத் தாம்பூலத்துக்குக் கொட்டைப்பாக்கு வாங்கிச் செல்கிறவரை நாம் குற்றம் சொல்லவில்லை. நாள் முழுதும் வாயில் ஒதுக்குகிறவரைப் பற்றித்தான் பேச்சு. அவர்களில் பெரும்பங்கு கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நாமேதான். உட்கார்ந்த இடத்து வேலை, வாய் சும்மா இருப்பதில்லை. இதை எழுதுகிற நாங்களும் முப்பது வருடம் போட்டுவிட்டு, நண்பரை ஆஸ்பத்திரியில் பார்த்த அன்று விட்டவர்கள். எங்கள் மண்டியில் பாக்குப்பொட்டலச் சரங்களை எடுப்பதை நிறுத்தி ஐந்து வருடம் ஆகிறது. வரவில் துண்டு விழுந்தது உண்மை, கடை மூடவில்லை.

மருந்து ஒருபுறம் இருக்கட்டும். கைவிளக்கும் கண்ணும் என்ன செய்யும் என்பதற்குத் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஒரு சான்று இருக்கிறது. 1996ஆம் ஆண்டு தொடங்கி, 13 பஞ்சாயத்துகளில் ஏறத்தாழ 1,90,000 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரின் வீட்டுக்குப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். சந்தேகப்பட்டவர்களை டாக்டரிடம் அனுப்பினார்கள். செய்தது இவ்வளவுதான். 2005ஆம் ஆண்டு முடிவு வந்தபோது, புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடம் வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவிகிதம் குறைந்திருந்தது. மஞ்சளோ, பாசியோ, பச்சைத் தேயிலையோ இந்த அளவுக்குச் சாவைக் குறைத்ததாக எங்கும் நிரூபணம் இல்லை. நம் நண்பரின் படலம் எங்களிடம் காட்டிய அன்று சிறு காசு அளவுதான் இருந்தது.

ஆகவே வாய்ப்புண்ணுக்கு மஞ்சள் கேட்டு வருபவரிடம் எத்தனை நாளாக இருக்கிறது என்று நாம் கேட்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், சுரண்டினாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரம் தாங்காத எரிச்சல், மூன்று விரல் நுழையாதபடி வாய் இறுகுதல், காரணமில்லாமல் பல் ஆடுதல், கழுத்தில் கட்டி - இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் டாக்டரிடமோ அரசு மருத்துவமனைக்கோ அன்றே போகச் சொல்ல வேண்டும். சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். கத்தி பட்டால் பரவிவிடும் என்பது ஆதாரமில்லாத பயம். செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சை அடங்கும் என்பதையும் சொல்லுங்கள். அவர் மஞ்சளும் வாங்கிக்கொண்டு போகட்டும், குழம்புக்கு.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறோம். சென்ற வருடம் ஒரு ஏஜென்ட் கர்க்யூமின் குப்பிகளோடு "புற்றுநோயை வேரறுக்கும்" என்று அச்சடித்த அட்டை ஒன்றையும் கொண்டுவந்து, கடை முகப்பில் மாட்டினால் கூடுதல் கமிஷன் என்றார். புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டின் மருந்து, மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். மாட்டிய அட்டைக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர். ஏஜென்ட் அடுத்த ஊருக்குப் போயிருப்பார்.

மருந்து என்று நம்பி அதிகம் சாப்பிடுகிறவர்கள் இருக்கும்வரை தரத்திலும் நமக்குப் பொறுப்பு கூடுகிறது. பழைய விரலிக்குப் பளபளப்பு ஏற்ற ஈயக் குரோமேட் பூசும் கொடுமை வங்கதேசச் சந்தைகளில் 2019ஆம் ஆண்டு பாதி மாதிரிகள் அளவுக்கு இருந்தது. அரசாங்கமும் வியாபாரிகளும் சேர்ந்து நடவடிக்கை எடுத்ததில் 2021ஆம் ஆண்டுக்குள் அது ஒன்றுமில்லாமல் போயிற்று. மனது வைத்தால் இரண்டே வருடத்தில் முடிகிறது. நிறம் மிகத் தூக்கலாக இருக்கும் தூளை விலை மலிவு என்று எடுக்கும்முன் ஒரு மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுவது நல்லது.

நண்பரின் மகன் இப்போது கடையைப் பார்க்கிறார். கணக்குச் சீட்டை இன்னும் அப்பாதான் எழுதுகிறார். பேச முடியாவிட்டாலும் கையெழுத்து முன்போலவே குண்டு குண்டாக இருக்கிறது.

சங்கத்தின் அடுத்த பொதுக்குழு நாளன்று காலையில் பல் மருத்துவக் கல்லூரி டாக்டர்களை வரவழைத்து, உறுப்பினர்களுக்கும் கடைச் சிப்பந்திகளுக்கும் வாய்ப் பரிசோதனை முகாம் ஒன்று நடத்தலாம் என்று செயலாளரிடம் கேட்டிருக்கிறோம். அவரும் சரி என்றிருக்கிறார். எவ்வளவு பேர் வருவார்கள் என்று தெரிந்தால்தான் டாக்டர்களைக் கேட்க முடியும். வர விரும்புவோர் கடைப் பெயரையும் ஆட்கள் எண்ணிக்கையையும் சங்க அலுவலகத்து நோட்டில் எழுதி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். முதல் வரியில் எங்கள் கடையும் ஆறு பேரும் எழுதியாயிற்று.